மூச்சு கொடுக்க யாருக்குத் தகுதி

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண், ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாள். போனை எடுப்பதற்கே அவளுக்கு வகுப்பு, தேர்வு, சான்றிதழ், சில வருஷத்துக்கு ஒருமுறை மறுதேர்வு எல்லாம் உண்டாம். நானும் ஒரு காலத்தில் அந்த வேலை பார்த்தவள் என்று யாரோ சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு அப்ப என்ன லைசென்ஸ் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. ஆனா இருந்துச்சா இல்லையான்னு குடுத்தவங்களுக்கே சந்தேகம்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் போன பிறகு, நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்காவது விளங்குமா என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்றும் சொல்லப்போவதில்லை.

நான் நெடுங்காட்டுக்காரி. அப்பாவும் அம்மாவும் வயல் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்து, எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நேர்காணலில் என்னிடம் கேட்டவை: ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா, வண்டியில் போனால் வாந்தி வருமா, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாயா. மூன்றுக்கும் நல்ல பதில் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே குழப்பம் தொடங்கிவிட்டது. உத்தரவில் 'பெண் உதவியாளர்' என்று இருந்தது. வருகைப் பதிவில் 'ஆயா' என்று இருந்தது. செய்யச் சொன்னது இரண்டுமில்லை. அவசரப் பிரிவில் இருக்கும் கறுப்புப் போனை எடுக்க வேண்டும். அழைப்பு வந்தால் டிரைவரைக் கூப்பிட வேண்டும். நோயாளி பெண்ணாக இருந்தால் வண்டியில் கூடவே போக வேண்டும். போனால் போனை யார் எடுப்பது என்று கேட்டேன். "அப்ப வேற யாராவது எடுப்பாங்க" என்றார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

வண்டி ஓட்டியவர் காதர் அண்ணன். அவருக்கு என்னென்ன வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. கனரக வாகன லைசென்ஸ், பேட்ஜ், முதலுதவிச் சான்றிதழ். அவர் கூட உட்கார்ந்து போகிறவளுக்கு என்ன வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஒரு சுற்றறிக்கை, வண்டியில் தகுதி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும் என்றது. அந்த ஒருவர் டிரைவரே என்றார் ஒருவர். அவர் ஓட்டும்போது பின்னால் நோயாளியை எப்படிப் பார்ப்பார் என்றார் இன்னொருவர். பிரெஞ்சுக்காரர் காலத்து உத்தரவு ஒன்று இருக்கிறது, அதில் இதற்குப் பதில் இருக்கும் என்று மூன்றாமவர் சொன்னார். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் ஒருவர்தான் இருந்தார்.

அவர் அந்துவான். அவசரப் பிரிவின் தலைமை ஆண் நர்ஸ். பிரெஞ்சு காலத்தில் பயிற்சி பெற்றவர். அவருடைய தம்பி பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டார். இவர் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் "மறந்துட்டேன்" என்பார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் பெருக்குகிறவர்வரை எல்லோரும் அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் 'ஐயா' என்பது போல. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். நாடி பிடிக்கிற கையிலேயே மணியும் தெரிய வேண்டும் என்பதற்காக. போன் பேசும்போது உட்கார மாட்டார், நின்றுகொண்டுதான் பேசுவார். உட்கார்ந்து கேட்டால் பாதிதான் காதில் விழும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

என்னைப் போனுக்குப் பழக்கியது அவர்தான். கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு அழைப்பவராக நடிப்பார். முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற குரலில், "ஐயோ எம் புள்ள, ஐயோ எம் புள்ள" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாரு பேசுறீங்க, பேரு என்ன?" என்பேன்.

கதவு திறக்கும். "லைன் கட்டாயிடுச்சு. இப்ப உனக்கு என்ன தெரியும்?"

"பேரு தெரியும் முசியே."

"பேரு செத்தவனுக்கும் இருக்கு. வண்டி பேருக்கா போவும்? எடத்துக்குப் போவும். முதல்ல எங்க. அப்புறம் என்ன. யாருங்கிறது கடைசி."

மறுபடி கதவு மூடும். மறுபடி "ஐயோ எம் புள்ள." எங்கே என்று கேட்டால் மட்டும் போதாது. அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பது கோயிலா, பள்ளிவாசலா, மாதா கோயிலா என்று கேட்க வேண்டும். மூச்சு இருக்கிறதா, பேச்சு இருக்கிறதா, ரத்தம் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். அழுகிறவரிடம் அழாதீர்கள் என்று சொல்லக் கூடாது. "அழுதுக்கிட்டே சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். இந்த ஒன்றை இன்றைக்கும் எந்த வகுப்பிலும் சொல்லித்தரலாம்.

ஸ்ட்ரெச்சரையும் இப்படித்தான் பழக்கினார். என்னைப் படுக்கவைத்து நான்கு பேரைத் தூக்கச் சொல்லி, ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்தார். சமதரையில் கால் முன்னால், படி ஏறும்போது தலை முன்னால். தூக்குகிறவர்கள் வேகம் எடுத்தால் "துஸ்மான், துஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். இறக்கிவிட்டதும் என்ன தெரிந்தது என்று கேட்டார். "கூரையும், தூக்குறவங்க மூக்கும்தான் முசியே தெரிஞ்சுது" என்றேன். "அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும். ஞாபகம் வச்சுக்க" என்றார்.

அதன்பிறகு என்னையும் முதலுதவி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடந்தது. கட்டுப் போடுவது, எலும்பு முறிந்தால் கட்டை வைத்துக் கட்டுவது, தீக்காயம், பாம்புக்கடி. கடைசியாகச் செயற்கைச் சுவாசம். புத்தகத்தில் இருந்தது பழைய முறை. மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்கவைத்து, தலைமாட்டில் முழங்காலிட்டு, முதுகை அழுத்தி, பிறகு இரண்டு முழங்கைகளையும் பிடித்துத் தூக்கி, மறுபடி அழுத்த வேண்டும். பாடம் நடத்திய டாக்டர், அது பழசாகிவிட்டது, இப்போது வாயோடு வாய் வைத்து ஊதுவதுதான் என்றார். தேர்வு புத்தகத்தின்படியா, டாக்டர் சொன்னபடியா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

தேர்வன்று ஆண்கள் இரண்டு முறையும் செய்துகாட்டினார்கள். பொம்மை கிடையாது. ஒருவர்மேல் ஒருவர்தான் செய்ய வேண்டும். என் முறை வந்தபோது, நான் குப்புறப்படுத்த ஒரு பெண்ணின் முழங்கைகளைத் தூக்கி இறக்கினேன். அடுத்து என்ன என்று தேர்வாளரைப் பார்த்தேன். "லேடீஸுக்கு அது வேணாம். விட்டுடலாம்" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுத் தேர்ச்சி போட்டுவிட்டார். சான்றிதழில் அது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஆனால் அந்த முறையை நான் பார்க்காதவள் இல்லை. பிரசவ அறையில், பிறந்து அழாத குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, முசியே கன்னத்துக் காற்றை மட்டும் மெல்ல ஊதுவதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு எப்படி என்று கேட்டேன். ஒரு தலையணையை மடக்கி வைத்துக் காட்டினார். தலையை நன்றாகப் பின்னால் சாய், மூக்கைப் பிடி, ஊது, நெஞ்சு ஏறுகிறதா என்று பார். "வயிறு ஏறினா தப்பு. நெஞ்சு ஏறணும்." என்னிடம் இருந்த பயிற்சி அந்தத் தலையணைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலை. போலகத்திலிருந்து அழைப்பு வந்தது. போஸ்ட் ஆபீஸிலிருந்து யாரோ பேசினார்கள். சரோஜா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி, பனிக்குடம் உடைந்துவிட்டது, தலைப்பிரசவம். இடத்தைக் கேட்டேன், திருப்பிச் சொன்னேன், கோயில் அடையாளம் வாங்கினேன். எல்லாம் முறைப்படிதான். காதர் அண்ணனும் நானும் கிளம்பினோம்.

அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டி, காரைக்கால்மேட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கூட்டம் சாலையை மறித்துக்கொண்டு நின்றது. கட்டுமரம் அலையில் கவிழ்ந்துவிட்டது, ஒரு ஆளைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், மூச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் பேச ஐஸ் கம்பெனிக்கு ஓடியவர்கள் எங்கள் வண்டியைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். தாங்கள் கூப்பிட்டதற்கு வந்த வண்டி என்றே பாதிப் பேர் நினைத்தார்கள்.

"இது பிரசவத்துக்குப் போற வண்டிங்க" என்றேன்.

"உசிரு போவுதுங்குறோம், பிரசவம்ங்குற!" என்று ஒருவர் கதவைத் தட்டினார்.

ஓர் அழைப்புக்குக் கிளம்பிய வண்டியை உத்தரவில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பக் கூடாது. அது எனக்குத் தெரிந்த விதி. மூச்சு நின்றவர்தான் முதல் என்பதும் எனக்குத் தெரிந்த விதி. வண்டியில் வயர்லெஸ் கிடையாது. கேட்பதற்கு ஆள் கிடையாது. காதர் அண்ணன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வண்டி, ரெண்டு எடம். நீ சொல்லு தங்கச்சி. எங்க போவணும்?"

நான் எதுவும் யோசித்ததாக நினைவில்லை. "நீங்க போலகம் போங்கண்ணே. அந்தப் பொண்ண ஏத்திக்கிட்டு வாங்க. திரும்பையில எங்கள ஏத்திக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டேன். வண்டி போய்விட்டது.

கரையில் அந்த ஆளை ஒரு கட்டுமரத்தின்மேல் குப்புறக் கவிழ்த்துப் போட்டு முதுகில் குத்திக்கொண்டிருந்தார்கள். வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பெயர் கலியமூர்த்தி என்று பிறகு தெரிந்தது. மணலில் இறக்கச் சொன்னேன். வெள்ளைச் சேலையைப் பார்த்து என்னை நர்ஸ் என்று நினைத்து இறக்கினார்கள். குப்புறப் போட்டு, நான் தேர்ச்சி பெற்ற முறைப்படி முழங்கைகளைப் பிடித்தேன். வலது கை என் பிடியில் தனியாக வந்தது. கட்டுமரம் அடித்துத் தோளுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. தூக்க முடியாது. எனக்குச் சான்றிதழ் இருந்த முறை அங்கேயே முடிந்தது.

மல்லாக்கத் திருப்பினேன். வாய்க்குள் மணலும் வாந்தியும். முந்தானையை விரலில் சுற்றித் துடைத்தெடுத்தேன். தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஊதினேன். ஒன்று. இரண்டு. நெஞ்சு ஏறியதா என்று பார்ப்பதற்குள் யாரோ என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

அவன் மனைவி. சின்னப்பொண்ணு.

"எம் புருசன் வாயில வாய வைக்கிறியாடி?"

"மூச்சு குடுக்குறேன்க்கா. விடுங்க. நேரமில்ல."

"மூச்சுதானே? எங்கிட்ட இல்லியா மூச்சு? எப்புடின்னு சொல்லு, நான் குடுக்குறேன்."

அவளோடு வாதாடுகிற நேரத்தில் அவன் செத்துவிடுவான். சரி என்று அவளை உட்காரவைத்தேன். அவள் ஊதினாள். காற்றெல்லாம் பக்கவாட்டில் போனது. "வாய முழுசா மூடுங்க" என்றேன். ஊதினாள். வயிறு ஏறியது. நான் தலைமாட்டுக்குப் போய், தாடையைத் தூக்கிப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மூக்கையும் நானே அடைத்தேன். "இப்ப ஊதுங்க." நெஞ்சு ஏறியது. நான் பார்த்தேன். அவளும் ஓரக்கண்ணால் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தேன். துடிப்பு இருந்தது. அது அவனுடையதா, என் விரலில் துடித்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று அவன் உடம்பு குலுங்கி, இரண்டு பேர்மேலும் வாந்தி எடுத்தான். பிறகு இருமினான். சின்னப்பொண்ணு அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "பயம் காட்டுறியா? பயம் காட்டுறியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

கையைத் துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டி, சாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். எங்கள் வண்டி போலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. காதர் அண்ணன் இறங்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நேராகப் பார்த்தபடி, "பின்னால ஏறு, சீக்கிரம்" என்றார்.

பின்கதவைத் திறந்தேன். சரோஜா ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். அவள் மாமியார் மடியில் ஒரு துணிச்சுருள். வழியிலேயே பிரசவம் ஆகிவிட்டது. சுருளுக்குள் இருந்த குழந்தை நீலம் பூத்திருந்தது.

கலியமூர்த்தியை வண்டித் தரையில் படுக்கவைத்து, சின்னப்பொண்ணு அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் குழந்தையை வாங்கி, துணியால் வாயைத் துடைத்து, முசியே செய்தது போலவே கன்னத்துக் காற்றை மட்டும் ஊதிக்கொண்டே வந்தேன். கீழே அவன் முனகிக்கொண்டிருந்தான். என் கையில் குழந்தை அசையவில்லை. சரோஜா தலையைத் திருப்பி என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் முசியே குழந்தையை என் கையிலிருந்து வாங்கினார். மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு துணியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டார்.

கலியமூர்த்தி பிழைத்தான். கை கூடியதும் கடலுக்கும் போனான்.

குழந்தை எப்போது இறந்தது? டாக்டர், வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிட்டது, யார் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். குழந்தையைக் குளிப்பாட்டிய மருத்துவச்சி, அப்படித் தெரியவில்லை, தோல் புதுசாகத்தான் இருந்தது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். மாமியார், பிறந்ததும் ஒருமுறை சிணுங்கியது, என் காதால் கேட்டேன் என்று சத்தியம் செய்தாள். காதர் அண்ணனிடம் கேட்டேன்.

"இன்ஜின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. நான் ஓட்டுவேனா, திரும்பிப் பாப்பேனா? அந்தக் கெழவி நிறுத்து நிறுத்துன்னு கத்துச்சு. நிறுத்தி நான் என்னா பண்ணுவேன்? ஆஸ்பத்திரிதான் கதின்னு அழுத்தினேன். அல்லாவுக்குத்தான் தெரியும் மங்கை."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

போலகத்துக்காரர்கள் புகார் எழுதிக் கொடுத்தார்கள். பிரசவ வண்டியில் பெண் துணை ஏன் வரவில்லை? நியாயமான கேள்வி. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். கோபப்படவே இல்லை. கேட்கக் கேட்க அவருக்குத்தான் வியர்த்தது.

"நீங்க வாயோட வாய் வச்சு மூச்சு குடுக்கத் தகுதி பெற்றவங்களா?"

"சான்றிதழ் இருக்குங்க."

"அந்த முறையில உங்கள சோதிச்சாங்களா?"

"இல்லைங்க. லேடீஸுக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க."

"அப்ப தகுதி இல்ல."

"சான்றிதழ் இருக்குங்களே."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "சரி. ஊதினது நீங்களா?"

"முதல்ல நான். அப்புறம் அவங்க சம்சாரம்."

"அவங்களுக்கு?"

"அவங்களுக்கு எதுவும் இல்லைங்க."

அவர் முசியேவைக் கூப்பிட்டார். பழைய பிரெஞ்சு உத்தரவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். முசியே நின்றுகொண்டே படித்துச் சொன்னார். கூடப் போகிறவர் நோயாளியைவிட்டு அகலக் கூடாது என்று இருந்தது.

"எந்த நோயாளிய?" என்றார் அதிகாரி.

"அது எழுதல."

"இவங்க அனுப்பப்பட்டது போலகத்து நோயாளிக்கு."

"ஆமா."

"ஆனா மூச்சு நின்னவன் கண்ணு முன்னால இருந்தான்."

"அதுவும் ஆமா" என்றார் முசியே.

எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒழுங்கு வைத்திருந்த மனிதர். முதலில் எங்கே, பிறகு என்ன, கடைசியில் யார். அந்த வரிசைப்படிதான் நான் அன்று இறங்கினேனா, அதை மீறித்தான் இறங்கினேனா என்று அவர் சொல்லியிருக்கலாம். அதிகாரி போனதும் நேராகவே கேட்டேன். "நான் செஞ்சது சரியா முசியே?" அவர் கடிகாரத்தைக் கழற்றி, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்துக்கொண்டார். "ஸ்ட்ரெச்சர் கான்வாஸ் இன்னும் ஈரமா இருக்கு. வெயில்ல போடு" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

பிறகு எனக்கு இரண்டு உத்தரவுகள் சேர்ந்தாற்போல் வந்தன. ஒன்று, வண்டியைவிட்டு இறங்கியதற்கு விளக்கம் கேட்டு. மற்றொன்று, அவசரச் சேவையில் அனுபவம் உள்ளவள் என்பதால் புதுச்சேரியில் புதிய பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக. இரண்டிலும் ஒரே கையெழுத்து. நான் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனேன். விளக்கத்துக்குப் பதிலே வரவில்லை.

புதுச்சேரியில் ரப்பர் பொம்மை வந்திருந்தது. பெண்களும் வாயோடு வாய் முறையைச் செய்துகாட்டினால்தான் தேர்ச்சி என்று விதி மாறியிருந்தது. காரைக்கால்மேட்டில் நடந்ததால்தான் மாறியது என்றார் உடன் வந்தவர். அது எப்போதோ போட்ட உத்தரவு, இப்போதுதான் வந்துசேர்ந்திருக்கிறது என்றார் வகுப்பெடுத்தவர். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. பொம்மைக்கு நெஞ்சு சுலபமாக ஏறியது.

மேட்டில் ஆஸ்பத்திரியின் பெயரே அடிபடவில்லை. சின்னப்பொண்ணு புருசனுக்கு உயிர் ஊதினாள் என்பதுதான் அங்கே பேச்சு. மீன் ஏலத்தில் அவளுக்குத் தனி மரியாதையாம். ஒருநாள் கூடையோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். எனக்கு மீன் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒனக்கு ஒரு தாள் குடுத்திருக்காங்களாமே, மூச்சு குடுக்க. எனக்கும் குடுக்கச் சொல்லு."

கேட்டுப் பார்த்தேன். எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள். அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். நான் சொன்னதும், "படிச்சிட்டா ஊதுறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்டது ரொம்ப நியாயம் என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, கள்ளுக்கடைப் பக்கம் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை அவள் மல்லாக்கத் திருப்பி ஊதிவிட்டாள் என்று செய்தி வந்தது. அந்த மனிதர் விழித்துப் பார்த்து அலறிக்கொண்டு ஓடினாராம். சான்றிதழ் என்று ஒன்று வைத்ததும் நியாயம்தானோ என்று அப்போது நினைத்தேன். கலியமூர்த்தி மட்டும் என்னை எங்கே கண்டாலும் தலையைக் குனிந்துகொள்வான். நன்றியா, வெட்கமா, கோபமா, நான் கேட்டதில்லை.

அதற்கடுத்த வருஷம் போலகத்திலிருந்து மறுபடி அழைப்பு. அதே சரோஜா, அடுத்த பிரசவம். எடுத்தது நான்தான். இடத்தைச் சொல்லி முடித்த பிறகு அந்தக் குரல், "அந்த அம்மாவே வரணுங்குறாங்க" என்றது.

"எந்த அம்மாங்க?"

"அன்னிக்கி வராத அம்மா."

திட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலில் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டியில் ஏறவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சரோஜாவை நானும் காதர் அண்ணனும்தான் ஏற்றினோம். கால் முன்னால், மெதுவாக. வண்டி கிளம்பியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி வரும்போது இறுகும். விட்டதும் தளரும். திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கி நீங்க வந்திருந்தா பொழைச்சிருக்குமா?"

டாக்டர் சொன்னது, மருத்துவச்சி சொன்னது, மாமியார் சொன்னது எல்லாம் என் வாய்வரை வந்தன.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் வண்டியின் கூரையைப் பார்த்தாள். "எங்க மாமியா பொழைச்சிருக்கும்ங்குது. டாக்டரு பொழைச்சிருக்காதுங்குறாரு. நான் ரெண்டு பேருகிட்டயும் சரின்னு சொல்லிடுவேன்" என்றாள்.

அன்றைக்கு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வார்டிலேயே, ஊரைக் கூட்டுகிற அழுகையோடு. ஆனால் அது பிறகு. வண்டியில் அப்போது அதெல்லாம் யாருக்கும் தெரியாது. மேட்டுத் திருப்பம் நெருங்குவதை அவள் எப்படித் தெரிந்துகொண்டாளோ, படுத்திருந்தவளுக்கு வெளியே எதுவும் தெரிய நியாயமில்லை. என் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, இன்னிக்கி எறங்கிடாதீங்க."

"எறங்க மாட்டேன்மா."

சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்த்தேன். யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தால் என்ன செய்வேன் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. காதர் அண்ணனும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வெயிலில் சாலை மட்டும் கிடந்தது. திருப்பத்தில் யாரும் நிற்கவில்லை.